முத்துசெல்வி ஹோட்டல் பார்த்த விதம்

என் தங்கை முத்துசெல்வி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

புருஷன் இறந்த மூன்றாம் மாதம் மந்தையை விற்றுவிடச் சொல்லி அவன் வீட்டு ஆட்கள் ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஏழு பேருக்கும் காப்பி கொடுத்தாள், ஆட்டைக் கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு பெட்டை ஆடுகளை நூற்றெழுபது ஆக்கினாள். எங்கள் பக்கத்தில், இரவில் ஆடுகளைக் காட்டில் மடக்கிப் போடுகிற கிடைக்கு ஆண்கள்தான் இராத்தங்குவார்கள். பதினோரு வருடமாக இவள் தங்குகிறாள். அத்தனை வருடத்தில் திருடு போனது ஒரே குட்டி. அதையும் எட்டயபுரம் சந்தையில், அடையாளத்துக்குத் தான் போட்ட காதுக் கிழிசலைக் காட்டி மீட்டுவந்தாள். ஆடு போகிற ஓடைப் பாதையில் ஒரு கம்பெனி வேலி போட்டபோது, மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்கு ஆறு முறை போனாள். ஆறாவது முறை ஆடுகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் வேலியைப் பிரித்துவிட்டார்கள்.

நான் ராதாமணி, அவளுக்கு நான்கு வயது மூத்தவள். எட்டாம் வகுப்புவரை படித்தேன். கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் இருபத்தாறு வருடமாக, பண்டலில் பெட்டி சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற வேலை. நான் பள்ளிக்கூடம் போன வருடங்களில் ஆட்டின் பின்னால் போனவள் செல்வி. அவள் நன்றாக ஓடுவாள் என்று அப்பா அவளை அனுப்பிவிட்டார். அதனால் அவளுக்கு எழுத்துத் தெரியாது. ரேஷன் கடை, பேங்கு எல்லா இடத்திலும் கைநாட்டுதான்.

மழைக்காலத்தில் ஆடுகள் பட்டியில் அடையும்போது சேர்கிற புழுக்கையை உலர்த்தி மூட்டை கட்டி விற்க ஆரம்பித்தது அவள்தான். கிடைக்காரக் குடும்பங்கள் எட்டு அவளோடு சேர்ந்துகொண்டன. பெங்களூரில் மாடித் தோட்டத்துக்குச் சாமான் விற்கிற ஒரு கம்பெனி, எட்டு வீட்டுப் புழுக்கையையும் மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விலை பேசுவார். யார் வீட்டு மூட்டை முதலில் ஏறும் என்பதும் அவர் சொல்வதுதான். கம்பெனிக்காரர்கள் செல்வியை நேரில் வரச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரவேண்டும். தங்குகிற இடம் உங்கள் விருப்பம், வாடகை எங்கள் பொறுப்பு என்றார்கள்.

கயத்தாறு சாமித்துரை அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். பதினைந்து வருடமாக எங்கள் ஆடுகளை விற்றுக்கொடுக்கிற தரகர்.

“பெரிய கம்பெனிக்காரன் கைநாட்டு வைக்குத ஆளுகூட ஒப்பந்தம் போட மாட்டாம்மா. நானும் பெங்களூர் வாரேன். எம் பேருல போட்டுக்கிடுவோம், பேச்சு எல்லாம் உம் பேச்சுதான்” என்றார்.

“அவிய அப்படிச் சொல்லலையே அண்ணாச்சி” என்றாள் செல்வி.

“மொகத்துக்கு நேரா சொல்லுவானா?”

போகும்போது, அந்தக் கம்பெனியின் குடோனுக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருப்பதாகவும், தனக்குத் தெரிந்த இடம் என்றும், பெண்கள் தங்கப் பாந்தமாக இருக்கும் என்றும் சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது.

மேலத்தெரு ஜெயப்பிரியா கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை அவள் போனோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். கெஸ்ட் ஹவுஸ் படத்தை முதலில் காட்டினாள். வெள்ளைச் சுவர், சுற்றிலும் மரம், வாசலில் ஒரு துளசிச் செடி. கையோடு இன்னொரு ஹோட்டலையும் காட்டினாள். எட்டு மாடி. கதவு கண்ணாடி, சுவர் கண்ணாடி, நீலமும் ஊதாவுமாக விளக்கு. எதிர்ச்சாரியில் பாட்டுக் கச்சேரி நடக்கிற கடைகள். அவற்றில் என்ன விற்பார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

“சீ, அதை மூடுட்டி” என்றேன்.

செல்வி படத்தைப் பார்க்கவில்லை. “தங்குனவிய கொறை சொல்லியிருந்தா அதப் படி தாயி” என்றாள்.

ஜெயப்பிரியா படித்தாள். “கெஸ்ட் ஹவுஸுக்கு ஒருத்தர் எழுதிருக்காரு அத்தை. ஆறு மணிக்கு மேல ஒரு கடை கிடையாதாம். ஆட்டோ வராதாம். போன்ல சிக்னலே எடுக்காதாம்.”

“அடுத்ததுக்கு?”

“ராத்திரி ஒரு மணி வரைக்கும் தெருவுல ஒரே சத்தம், ஆட்கள் நடந்துகிட்டே இருக்காங்க, வெளிச்சம் ஜன்னல் வழியா கண்ணுல அடிக்கி, தூங்கவே முடியலன்னு திட்டிருக்காரு.”

“அப்ப அங்கனயே போடு.”

எனக்கு வந்ததே கோபம். “ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? குடிகாரன் நடமாடுத தெருவுல போயா படுக்கப் போற?”

“அக்கா, எவளாவது ஆளில்லாத காட்டுல போயி கிடை போடுவாளா?” என்று கேட்டாள். “ஒரு சத்தம் குடுத்தா நாலு பேரு திரும்பிப் பாக்கணும். வெளிச்சம் எட்டணும். வெளிய போக ரெண்டு வழி இருக்கணும். கத்துனா யாருக்கும் கேக்காத எடத்துலதான் ஆடு களவு போவும். தாயி, அந்த ஹோட்டலுக்கு எத்தன வாசல்?”

ஜெயப்பிரியா படங்களைத் தள்ளித் தள்ளி எண்ணினாள். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னால் சமையல்காரர்கள் போகிற வழி ஒன்று. மூன்று என்றாள். செல்வி பெயரில் அறை பதிவானது. துணைக்கு நான்.

அவள் எண்ணுகிற விதம் அது. ஆனால் என் மனம் ஆறவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், ஆடுகளை மாமன் மகன் சங்கிலிப்பாண்டியிடம் விட்டுவிட்டுக் கோவில்பட்டியில் ரயில் ஏறினோம். செல்வி தூங்கியபிறகு நானே சாமித்துரைக்குப் போன் போட்டேன். ஹோட்டல் பெயரைச் சொல்லி, “இந்த எடம் எனக்கு ஒண்ணும் சரியாப் படல அண்ணாச்சி. நீங்க வந்து ஒரு பார்வை பாத்துக்கிடுங்க” என்றேன். அப்படிச் சொல்லும்போது நான் கெட்டிக்காரி என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹோட்டலுக்குப் போனோம். செல்வி உள்ளே நுழையவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “மூணு வாசல் சரிதான். பின்னால இட்லிக் கடை இருக்கு. முக்குல போலீஸ் ஜீப் நிக்கி. வாட்ச்மேனுக்குத் தூக்கக் கண்ணு இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் படி ஏறினாள்.

உள்ளே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். கிருஷ்ணகுமார் என்று சட்டையில் எழுதியிருந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பையன், தமிழ் பேசினான். தெரியாத ஆள் எதற்கு இவ்வளவு சிரிக்கிறான் என்று எனக்குப் பட்டது. பச்சை நிறத்தில் ஏதோ இரண்டு கிளாசில் கொடுத்தான். நான் தொடவில்லை. செல்வி தன்னுடையதைக் குடித்துவிட்டு, “புதினா போட்டுருக்கான்க்கா” என்று என்னுடையதையும் குடித்தாள். கால் மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயக்கம் ஒன்றும் வரவில்லை.

ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வருகிறவரை நான் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்தவன் ஒரு தாளை நீட்டி, “யார் பேர்ல ரூம் இருக்கோ அவங்க சைன் பண்ணணும்மா” என்றான்.

“கைநாட்டுதான் தம்பி” என்றேன் நான்.

அவன் மேசையின் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தான். உள்ளே போய் வேறு யாரையோ கேட்டான். எட்டு மாடி ஹோட்டலில் மை தடவுகிற பெட்டி ஒன்று இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லையாம். “பரவால்லம்மா, கடையில வாங்கிட்டு வரச் சொல்றேன். ராத்திரிக்குள்ள வச்சாப் போதும்” என்றான். செல்வி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூசிப்போய் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

அறையைப் பற்றி என்ன சொல்ல? குளிக்கிற இடத்துக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். இது என்ன புத்தியில் கட்டினார்களோ தெரியவில்லை. என் சேலையைக் குறுக்கே கட்டினேன். கட்டிலின் மேல் துண்டை வாத்து மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிரித்து உதறி உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்தேன். சின்னப் பிரிட்ஜில் பதினான்கு பாட்டில்கள். நாங்கள் குடித்ததாகப் பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எண்ணி எழுதி வைத்தேன்.

எட்டு மணிக்குக் கீழேயிருந்து போன் வந்தது. சாமித்துரை வந்திருந்தார்.

கீழே ஒரே கூட்டம். வாலிபப் பிள்ளைகளும் பெண்களும் வருவதும் போவதுமாக இருந்தார்கள். தெருவிலிருந்து பாட்டு இடி மாதிரி உள்ளே வந்தது. சாமித்துரை சோபாவின் நுனியில் உட்கார்ந்து கையில் ஒரு கவர் வைத்திருந்தார்.

“என்னம்மா எடம் இது? நான் அங்கன கெஸ்ட் ஹவுஸ்ல உங்களுக்கு ரூம் சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

“வெளிச்சமாத்தான இருக்கு அண்ணாச்சி” என்றாள் செல்வி.

கிருஷ்ணகுமார் அந்தத் தாளோடு வந்து, கடையில் மைப்பெட்டி கிடைக்கவில்லை என்றான். “இதுக்கா?” என்று சொல்லிவிட்டு சாமித்துரை சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மைப்பெட்டியை எடுத்து வைத்தார். “அதுல ஒண்ணு வை. அப்படியே இதுலயும் ஒண்ணு வச்சிரு” என்று கவரிலிருந்து இரண்டு தாள்களை உருவினார். “நாளைக்கு அலைய வேண்டாம்லா. நானே கொண்டுபோய்க் குடுத்திருதேன்.”

நல்ல மனுஷன், எதையும் மறக்காமல் கொண்டுவருகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் வேறொரு நினைப்பு வந்தது. ஆட்டுத் தரகர் கயத்தாற்றிலிருந்து பெங்களூர்வரை சட்டைப் பையில் மைப்பெட்டியைச் சுமந்து வருவானேன்?

தாள்களை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ். எனக்கு அதில் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். சாமித்துரை பெயர் ஏழு இடத்தில் இருந்தது. என் தங்கை பெயர் இருந்தது ஒரே இடத்தில், அடியில், கைநாட்டு வைக்கிற கோட்டுக்குக் கீழே.

“செல்வி, அவிய பேரு ஏழு, உம் பேரு ஒண்ணு” என்றேன்.

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி கிருஷ்ணகுமாரிடம் நீட்டினாள். “தம்பி, இதச் சத்தமாப் படிச்சுச் சொல்லுங்க.”

“அந்தப் பையனுக்கு என்னம்மா தெரியும்? நான் சொல்ல மாட்டனா?” என்றார் சாமித்துரை.

“தெரிஞ்சவிய படிச்சா தனக்கு வேண்டியதப் படிப்பாவ. இவருக்கு நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம்.”

கிருஷ்ணகுமார் தயங்கினான். பிறகு படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். எட்டு வீட்டுச் சரக்கையும் விற்கிற உரிமையை முத்துசெல்வி சாமித்துரைக்கே எழுதிக் கொடுக்கிறாள். மூன்று வருடத்துக்கு அதில் தலையிட மாட்டாள்.

சாமித்துரை எழுந்தார். “உனக்கு நல்லதுக்குத்தான் செஞ்சேன். கைநாட்டுக்காரிய நம்பி எவன் ஒப்பந்தம் போடுவான்?” குரல் உயர்ந்தது. பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் இரண்டு அடி உள்ளே வந்து நின்றார். சாமித்துரையின் குரல் தானாக இறங்கிவிட்டது.

செல்வி மைப்பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினாள். “தம்பி, அந்தப் பேனாவக் குடுங்க” என்றாள்.

பேனாவை ஆட்டுக்கம்பு மாதிரி இறுக்கிப் பிடித்தாள். ஹோட்டல் தாளில் எழுதினாள். முதல் எழுத்துக்கு மட்டும் நெடுநேரம் ஆனது.  நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். மு, த், து, செ, ல், வி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

சாமித்துரை அதைப் பார்த்துவிட்டு, தாள்களைக் கவரில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

“எப்பட்டி படிச்ச?” என்று லிப்டில் கேட்டேன்.

“கிடையில ராவெல்லாம் முழிச்சுத்தானக்கா கெடக்கேன். ஜெயப்பிரியா போன்ல பெரிசா எழுதிக் குடுத்துச்சு. அதப் பாத்துக் கரிசல்ல குச்சியால எழுதுவேன். விடிஞ்சதும் ஆடு மிதிச்சு அழிச்சிரும். மூணு மாசமா.”

“மத்தியானமே போட்டுருக்கலாம்லா?”

“மொதக் கையெழுத்த ஒப்பந்தத்துல போடணும்னு வச்சிருந்தேன். அந்த ஆளு இங்கன வந்து நிப்பாருன்னு கண்டனா?”

அவரை வரச்சொன்னது நான்தான் என்பதை அப்போதே சொன்னேன். செல்வி லிப்டை விட்டு இறங்கி அறைக் கதவைத் திறந்தாள். பிறகு, “நீ சொல்லலைன்னா நாளைக்குக் கம்பெனி வாசல்ல வந்து நின்னுருப்பாரு. இங்கன நாலு பேரு முன்னால முடிஞ்சது நல்லதுதான்” என்றாள். அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

ஜன்னல் வழியாக நீல வெளிச்சம் அடித்தது. தெருவில் சிரிப்பும் பாட்டும் ஒரு மணிவரை ஓயவில்லை. செல்வி படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விட்டாள். நான் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனோம். கைநாட்டு என்றால்கூட அவர்களுக்கு ஆட்சேபம் இருந்திருக்காது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒப்பந்தம் முத்துசெல்வி பெயரில் ஆனது. மொத்தம் ஒன்பது பக்கம். எல்லாப் பக்கத்திலும் போட்டாள், நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். ஆனால் அவை எதுவும் முதல் கையெழுத்து இல்லை. என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது அந்த ஹோட்டல் தாளில், 16-6-2023, வெள்ளிக்கிழமை.