எங்கள் வாசலில் இறங்கிய ஐஸ் பெட்டி

கள்ளக்குறிச்சியில் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது என் தொழில். பாய்க்கு எதற்கு இந்தத் தொழில் என்று கேட்காத ஆள் கிடையாது. முதலில் பந்தலும் நாற்காலியும்தான் விட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியும் சேர்த்துக் கேட்டார்கள், வாங்கிப் போட்டேன். அவ்வளவுதான் கதை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இரண்டு சாவுகளைப் பற்றி எழுதுகிறேன். இரண்டாவது என் மனைவியுடையது.

1. வடக்கனந்தல்

என் முதல் பெட்டி வடக்கனந்தலில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக்குப் போனது. பெரியவர் இறந்துவிட்டார், மகன் துபாயில். லோ வோல்டேஜில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடியதால் ஸ்டெபிலைசரை மாற்றிவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்படி வைத்திருக்கிறீர்களே, சீக்கிரம் எடுத்துவிடக் கூடாதா என்று இறந்தவரின் தம்பியிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கொள்ளி வெக்கறவன் வராம எப்டி எடுக்கறது பாய்? மூஞ்சியக்கூட காட்டலன்னா அந்தப் புள்ள காலம் பூரா எங்கள இன்னா கேப்பான்?"

மகன் மறுநாள் வந்து கண்ணாடி மேல் விழுந்து அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் என் ஒரே மகள் ஷாஹிதாவிடம், நம் மார்க்கத்தில் மய்யித்தைக் காக்க வைப்பதில்லை என்றேன். குளிப்பாட்டி, தொழுது, அன்றைக்கே அடக்கிவிட வேண்டும், தாமதம் போனவருக்குத்தான் வேதனை என்றேன். சங்கராபுரம் போய் வந்தாலும் இதே பேச்சுதான், ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய் வந்தாலும் இதேதான். அவள் சோறு தின்றுகொண்டே கேட்டு வளர்ந்தாள்.

2. எங்கள் வீடு

ஷாஹிதா கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். போன வருஷம் ஒரு நாள் காலையில் என் மனைவி மெஹருன் சமையல்கட்டில் விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

ஜமாத்தார் வந்தார்கள். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பேசினார்கள். ஷாஹிதா வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிடும் என்று மருமகன் போனில் சொன்னான். நான் எழுந்து கடைக்குப் போய், பெட்டியை வண்டியில் ஏற்று என்று டிரைவரிடம் சொன்னேன். எந்த ஊருக்கு என்றான். நம் வீட்டுக்கு என்றேன்.

வாசலில் பெட்டி இறங்கியதும் ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. பள்ளிவாசல் முத்தவல்லி என் தோளைப் பிடித்து, மகள் கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை என்றார். நல்ல மனுஷர். நான் ஷாஹிதாவுக்குப் போன் போட்டேன். பெட்டி வந்துவிட்டது, நீ வரும்வரை அம்மா இருப்பாள் என்றேன்.

"வேணாம் அத்தா. அம்மாவுக்கு வேதன குடுக்காதீங்க. நீங்கதான சொல்லிக்கினே இருப்பீங்க? அடக்கிடுங்க."

வீடியோவில் முகத்தையாவது காட்டவா என்றேன். அம்மாவுக்குப் போட்டோ எடுத்தாலே பிடிக்காதே என்றாள்.

"உங்கம்மா மொகம்மா. இனிமே கெடைக்காது."

"தெரியும் அத்தா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அஸருக்கு அடக்கினோம். மறுநாள் அவள் வந்து இறங்கியபோது பெட்டி வாசலிலேயே கிடந்தது. எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரே பெட்டியிடம் போனாள். அது காலி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து, இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்து, உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்க்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு என் பெண் கொஞ்சம் தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. பெட்டியை இறக்கு, பிளக்கைச் செருகு, வோல்டேஜைப் பார். எப்போது எடுப்பீர்கள் என்று மட்டும் எந்த வீட்டிலும் கேட்காதே.