எலுமிச்சம்பழம் வைக்காத காரில் ஆரியங்காவு வரை

புளியங்குடியிலிருந்து குற்றாலத்துக்கு மின்சாரக் காரில் நிம்மதியாகப் போய்வர முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். நாங்கள் குற்றாலத்தையும் தாண்டி மலையேறி, கேரளத்துக்குள் ஆரியங்காவு வரை போய்விட்டு, வழியில் எங்கேயும் சார்ஜ் போடாமல் வீடு திரும்பினோம். எப்படித் திரும்பினோம் என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் எழுதுவதும் நிதானம்தான். நாற்பது வருடம் இந்த ஊர் எலுமிச்சையை லாரியில் கேரளத்துக்குக் கொண்டுபோனவன் நான். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருடம். ஃபோனில் ஒரு விரலால் தட்டுகிறேன்.

என் மகள் முத்துலட்சுமி தென்காசியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போக 35 கிலோமீட்டர், வர 35 கிலோமீட்டர். காலை ஏழு மணி டூட்டி என்றால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் ஒரு டாக்டர் தன்னுடைய சின்ன மின்சாரக் காரை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் இவள் போய்க் கேட்டுவிட்டாள். அவர் சாவியைக் கையில் கொடுத்து, "ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டிப் பாருங்க, திங்கட்கிழமை காலையில சொல்லுங்க. இன்னொருத்தரும் கேட்டிருக்கார்" என்றாராம்.

என் மாப்பிள்ளை கணேசன் எலுமிச்சை மார்க்கெட்டில் மினிலாரி ஓட்டுகிறார். அவருக்கு ஒரு பழைய டீசல் காரின் மேல் கண். மின்சாரக் காரைச் சுற்றி வந்து பார்த்தவர், "சத்தமே இல்லாம ஒரு வண்டியா? இது காரா, ஃபேனா?" என்றார்.

"சத்தம் வேணும்னா நீங்க பக்கத்துல உக்காந்து போட்டுக்கிட்டே வாங்க" என்றாள் மகள்.

கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. ஆரியங்காவில் மாப்பிள்ளையின் அக்கா வீடு இருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து தடவை போயாக வேண்டிய இடம். "அங்கன போயிட்டு, வழியில ஒரு இடத்துலயும் சார்ஜ் போடாம நம்ம வாசல்ல வந்து நிக்கட்டும். வாங்கிருவோம். நடுவுல நின்னுட்டுன்னா டீசல் காருதான்" என்றார் மாப்பிள்ளை. மகளும் சரி என்றாள்.

ஆடி மாதம், சீசன் நேரம். ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். நான், என் மனைவி செல்லம்மா, மகள், மாப்பிள்ளை, பிறகு அக்கா வீட்டுக்கு அரை மூட்டை எலுமிச்சை, ஒரு தூக்குப்போணி புளியோதரை. புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவது எல்லா ஊரிலும் உண்டு. எலுமிச்சை விளைகிற எங்கள் ஊரில் அதை மறக்கவே மாட்டோம். செல்லம்மா நாலு பழத்தோடு வந்தாள். மாப்பிள்ளை கையமர்த்தினார்.

"வேண்டாம் அத்தை. இது இன்னும் டாக்டர் வண்டிதானே. நமக்குன்னு ஆகட்டும், பிறகு வைப்போம்."

செல்லம்மா பழங்களைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள். 

முதல் குறை அங்கேயே தொடங்கிவிட்டது. ராத்திரி தண்ணீர் மோட்டாருக்கான பெரிய பிளக்கில் சார்ஜ் போட்டிருந்தோம். காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து பாதி ராத்திரிக்குமேல் கரண்டே இல்லை. நூறுக்கு எழுபத்தாறுதான் ஏறியிருந்தது. போக வர 125 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். எழுபத்தாறு போதும் என்றாள் மகள். "போதாதுன்னு நானும் சொல்லலியே" என்றார் மாப்பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போகும்போது மகள் ஓட்டினாள். நான் முன்சீட்டில். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தெரியும் அந்தச் சார்ஜ் எண்ணை அவ்வப்போது வாசித்துச் சொல்வது என் வேலை. கூடவே வழியில் உள்ள போர்டுகளையும் வாசித்துக்கொண்டே வந்தேன். சொக்கம்பட்டி, கடையநல்லூர், இடைகால். இந்தப் போர்டுகளையெல்லாம் இத்தனை வருடம் நிறத்தையும் பக்கத்திலிருந்த மரத்தையும் வைத்து அடையாளம் கண்டவன். இப்போது அவை தாமாகவே பெயர் சொல்லிக்கொண்டு வருகின்றன. "கண்டக்டர் வேலைக்குச் சேந்துட்டாரு" என்றாள் செல்லம்மா பின்னாலிருந்து.

ஆறு பத்துக்குத் தென்காசி. எண் ஐம்பத்தைந்து. நினைத்ததைவிடக் குறைவு. காரணம் எனக்குத் தெரியும். சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று தள்ளிக்கொண்டு வரும். லாரியிலேயே இந்தக் காற்றுக்கு ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். சின்னக் கார் எம்மாத்திரம். மலையைப் பார்த்துப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் குற்றாலம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குமேல் போனால் கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஆறரைக்குப் போனதால் மெயின் அருவிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தோம். அருவி அன்றைக்கு மிரட்டாமல், தோளில் தட்டிக்கொடுக்கிற அளவுக்கு விழுந்தது. புளியோதரையைக் காருக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டோம். மகள் ஏசி போடவில்லை, பாட்டுக்கூடப் போடவில்லை. அவள் கண் அந்த எண்ணிலேயே இருந்தது. ஐம்பத்தொன்று.

ஒன்பது மணிக்குக் கிளம்பி, செங்கோட்டை வழியாகப் புளியரை. அங்கே நாற்பத்திரண்டு. அதன்பிறகு மலை. டீசல் வண்டி உறுமிக்கொண்டு ஏறும் இடத்தில் இது பேசாமல் ஏறியது. ஏறுகிற மாதிரியே தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் மஞ்சள் போர்டு. "அபாயகரமான வளைவு" என்று வாசித்தேன். எத்தனை தடவை அந்த வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்திருப்பேன்! அபாயம் என்று வண்டி சொல்லித்தான் தெரியும், போர்டு சொல்லித் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆரியங்காவில் இறங்கும்போது முப்பத்தொன்று. இன்னும் 52 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. வீட்டுக்கு 59 கிலோமீட்டர்.

அக்கா வீட்டில் எலுமிச்சையை இறக்கிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் காரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, இது கரண்ட் வண்டியில்லே? எத்ர தூரம் ஓடும்?"

"அதைத்தான் நாங்களும் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் மாப்பிள்ளை.

"சார்ஜ் வேணுமெங்கில் இவிட பிளக் உண்டு. ஒரு மணிக்கூர் போட்டுக்கோ. காசொன்னும் வேண்டா."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். "கேட்டியாட்டி? சேட்டன் சும்மா தாராராம். போடச் சொல்லட்டா?"

"டீ ஆறுது. குடிங்க" என்றாள் அவள். டீ எட்டு ரூபாய். நல்ல டீ.

மூன்று மணிக்குத் திரும்பினோம். இப்போது ஸ்டியரிங் மாப்பிள்ளை கையில், மகள் பின்சீட்டில். கோட்டைவாசல் மேட்டில் எண் இருபத்தெட்டு. இனி இறக்கம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மாப்ளே, நியூட்ரல்ல விடுங்க. சும்மா உருளும்."

"எப்பவோ விட்டாச்சு மாமா."

இருவரும் சிரித்துக்கொண்டோம். லாரிக்காரர்கள் நாங்கள் அப்படித்தான். ஏற்றத்தில் எரித்ததை இறக்கத்தில் மிச்சம் பிடிப்போம். அது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வோம். கார் பஞ்சு மாதிரி இறங்கியது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார்.

"நம்பர் என்னப்பா?" என்றாள் மகள்.

"இருபத்தெட்டு."

இரண்டு வளைவு தாண்டி மறுபடி கேட்டாள். அப்போதும் இருபத்தெட்டு.

"இறக்கத்துல கூடும்னு டாக்டர் சொன்னாரே. ஏன் கூடல?" பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கியர்ல இல்லியா?"

"நியூட்ரல்லட்டி. மிச்சம் பிடிக்கோம்."

"என்னத்த மிச்சம் பிடிக்கிய? வாற கரண்டை வாங்கிப் போடாம கதவைச் சாத்தி வச்சிருக்கியளே! ரெண்டு லாரிக்காரரும் சேந்து என் காரைக் கவுத்துருவிய போலிருக்கே!"

மாப்பிள்ளை கியரில் போட்டார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி தானாகவே மெதுவானது. இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. நியூட்ரலில் போட்டால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. பிரேக்கும் வீணாகச் சூடாகும். எங்கள் இரண்டு பேருடைய அனுபவமும் சேர்ந்து பாதி மலையின் கரண்டைக் காற்றில் விட்டுவிட்டது.

"இருபத்தொன்பது!" என்று நான் கத்தினேன்.

"லாட்டரி விழுந்த மாதிரி கத்துதாரு" என்றாள் செல்லம்மா.

புளியரையில் முப்பது. மலையிறங்கியபின் முன்பைவிடக் கூடுதலாக எரிபொருள் இருந்த வண்டியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மாப்பிள்ளையும்தான்.  காலை எடுப்பதும் வைப்பதுமாக, கரண்ட் திரும்பி ஏறுவதைக் காட்டும் பச்சைக்கோடு எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

தென்காசியில் இருபத்திரண்டு, கடையநல்லூரில் பதிமூன்று. இன்னும் பதினாறு கிலோமீட்டர் சொச்சம். மகள் முன்னால் குனிந்தாள்.

"போதுங்க. என்கூட வேலை பாக்குற பிள்ளை வீடு இங்கனதான் இருக்கு. சார்ஜ் போட்டுருவோம். தோத்தா தோத்துட்டுப் போறேன். அம்மாவை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்க வேண்டாம்."

"சும்மா இரு. என் கையில இருந்த வண்டி எதுவும் ரோட்டுல நின்னதில்ல."

"நின்னா உங்களுக்குத்தானே நல்லது? டீசல் காரு வாங்கலாம்லா."

 முன்னால் ஒரு வைக்கோல் லாரி போய்க்கொண்டிருந்தது. அளவான இடைவெளி விட்டு அதன் பின்னாலேயே நாற்பதில் போனார். மாப்பிள்ளை ஒரு லாரியை முந்தாமல் ஓட்டி அன்றுதான் பார்த்தேன். காலையில் எதிர்த்த காற்று இப்போது முதுகில். சொக்கம்பட்டியில் எட்டு. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. நான் எண்ணை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். செல்லம்மாவே "என்ன, கண்டக்டர் இறங்கிட்டாரா?" என்று கேட்டாள்.

ஐந்தரைக்கு எங்கள் வாசல். எண் நாலு.

யாரும் கைதட்டவில்லை. மாப்பிள்ளை இறங்கினார். பாத்திரத்தைக்கூட இறக்காமல் முதலில் வயரை எடுத்துப் பிளக்கில் மாட்டினார். விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"நாளைக்கு டாக்டர்ட்ட என்ன சொல்லட்டும்?" என்றாள் மகள்.

"முதல்ல சார்ஜ் ஏறட்டும்" என்றார். அவ்வளவுதான். குளிக்கப் போய்விட்டார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் பயப்படவே வேண்டாம். வீட்டில் பெரிய பிளக் இருந்தால் போதும், எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கரண்ட் கட்டணத்துக்கு இந்தப் பயணம் முழுவதற்கும் நூற்றைம்பது ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. டீசலில் இதைப்போல நாலு மடங்காவது ஆகியிருக்கும். காற்றுக் காலத்தில் ராத்திரி கரண்டை நம்பாமல் முந்தின நாள் பகலிலேயே சார்ஜ் போட்டு வையுங்கள். எங்களைப்போல் பந்தயம் கட்டாதவர்கள் தென்காசியில் ஒரு டீ குடிக்கிற நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், அங்கே இடம் இருக்கிறது. நாங்கள் நாலு பேரும் கால் நீட்டி உட்கார முடிந்தது, ஐந்தாவது ஆள் இருந்தால் நெருக்கம்தான். மலை இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். வீட்டில் பழைய லாரி டிரைவர் இருந்தால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை மகளுக்குக் காலை டூட்டி. ஐந்தரைக்குக் கேட்டைத் திறக்க நான் வெளியே வந்தேன். மாப்பிள்ளை எனக்கு முன்பே எழுந்து, வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். சாமி படத்துக்குக் கீழே இருந்த அதே பழங்கள்.

மகள் வந்து பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நேரா எடு, பழம் வழுக்கிரப் போவுது. நியூட்ரல்ல கீது போட்டுராத" என்றார்.

"அதெல்லாம் உங்க ஆம்பளையள் பழக்கம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

எத்தனையோ லாரிகளுக்கு நான் பழம் வைத்து ஏற்றியிருக்கிறேன். அவை நசுங்குகிற சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை, எஞ்சின் விடாது. அன்று கார் அசைந்தபோது தெருவே அமைதியாக இருந்தது. நாலு பழமும் நசுங்கியது தெளிவாகக் கேட்டது.