கிட்டுவின் வயிற்றுக்கு ஒரு முகூர்த்தம்

தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் போகிற எலக்ட்ரிக் ரயிலில் எல்லாம் உண்டு. காற்று உண்டு, கடலை உண்டு, சீட்டாடுகிற கோஷ்டிகூட உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது. அந்த ஒரு குறையைச் சுற்றித்தான் கிட்டுவின் வாழ்க்கை முழுக்க அமைந்தது.

மற்றபடி மனுஷனுக்கு ஒரு குறையும் இல்லை. சேலையூரில் சொந்த வீடு, பாரிமுனையில் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் ஹெட் கிளார்க் உத்தியோகம், சுந்தரவல்லி என்று தங்கமான மனைவி, சுப்ரஜா என்று ஒரே பெண். ஆனால் வயிறு மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. பல்லாவரம் தாண்டினால் முறுக்கும், கிண்டி வந்தால் மிரட்டும். கிண்டியில் எந்த ஓட்டல் முதலாளி நல்ல மனசுக்காரர், மாம்பலத்தில் எந்த லாட்ஜின் பின்கதவு திறந்திருக்கும் என்பதெல்லாம் கிட்டுவுக்கு மனப்பாடம். ஆபீஸ் பத்து மணிக்கு என்றால் ஏழு மணி வண்டியிலேயே ஏறிவிடுவார், நடுவில் இறங்கி ஏறத் தோதாக இருக்கட்டும் என்று.

மாம்பலத்து டாக்டர் ஒருவர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இரிட்டபிள் பவல் சார். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. டென்ஷன் மட்டும் ஆகாதீங்க." டென்ஷன் ஆகக்கூடாது என்று கேட்டவுடனே கிட்டுவுக்கு டென்ஷன் ஏறியது. நல்லவேளையாக அந்த கிளினிக்கில் வசதி பக்கத்திலேயே இருந்தது.

இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இயற்கையாகவே சரிப்படுத்திவிடலாம் என்று ரயில் பெட்டி ஏகமனதாக முடிவெடுத்தது. நம் ஊரில் வயிற்றுவலி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், ரயில்வே கார்டு வரைக்கும் வைத்தியராகிவிடுவார். ஒருவர் பாலை விடச் சொன்னார். இன்னொருவர் பாலை மட்டும் குடிக்கச் சொன்னார். மாதுளம் ஓட்டைக் காயவைத்துப் பொடித்து மோரில் கலக்கச் சொன்னவர் திரிசூலத்தில் இறங்கிவிட்டார். எத்தனை நாள் என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டதால் கிட்டு அதை ஒரு வருஷம் சாப்பிட்டார். யார் சொன்னாலும் மறுக்கத் தெரியாத சுபாவம். சீரகத் தண்ணீர், வெந்தயம், வில்வப்பழம், இசப்கோல் என்று ஒன்று விடவில்லை. சேலையூர் மொட்டைமாடி யோகா வகுப்பில் பவனமுக்தாசனம் சொல்லிக் கொடுத்தார்கள். வாயுவைப் போக்கும் ஆசனம் அது. மிகச் சிறப்பாகப் போக்கியது, மறுநாள் முதல் கிட்டுவின் பாயைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கிட்டுவே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. சுப்ரஜா பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடியபோது அவர் கழிப்பறையில் இருந்தார். அவள் பாட்டுப் போட்டியில் கோப்பை வாங்கியபோது கைதட்டல் சத்தம் மட்டும் கதவு வழியாகக் கேட்டது. காலேஜ் பட்டமளிப்பு விழாவில் அவள் பெயரைக் கூப்பிட்டதையும் அப்படித்தான் கேட்டார். பெண் வளர்ந்ததையெல்லாம் காதால் கேட்ட அப்பா அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆவணியில் சுப்ரஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஹர்ஷாவுக்கு ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, மேடவாக்கத்தில் ஃப்ளாட். சாஸ்திரிகள் வந்து நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, வெற்றிலையை மடித்தபடி சாதாரணமாக ஒரு குண்டைப் போட்டார்.

"கன்னிகாதானத்துல ஆரம்பிச்சு தாலி ஏறற வரைக்கும் பொண்ணு அப்பா மடியில உட்கார்ந்துக்கணும். நடுவுல நீங்க எழுந்துக்கப்படாது."

கிட்டு அப்போதே எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது சாஸ்திரிகள் போய்விட்டிருந்தார். சுந்தரவல்லி பதமாக ஆரம்பித்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்கோ. உங்க தம்பிய மணையில உட்கார வெச்சுடலாம். அதுக்கு இடம் உண்டுன்னு சாஸ்திரிகளே சொன்னார்."

கிட்டு சாஸ்திரிகள் நாள் குறித்துக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவளோடது எல்லாத்தையும் கதவுக்குப் பின்னாடி இருந்துதானே கேட்டேன் வல்லி. இத ஒண்ணயாவது கண்ணால பார்க்கறேனே" என்றார். சுந்தரவல்லி அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல்யாண மண்டபம் தேடும்போது எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தையும் கார் நிறுத்தும் இடத்தையும் பார்ப்பார்கள். கிட்டு மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கோவிலம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் மணமேடைக்கு நேர் பின்னே, பத்தடி தூரத்தில் ஒரு கழிப்பறை இருந்தது. சுற்றுப்புறம் சுமார்தான், மின்விசிறி கிறீச்சிட்டது, ஆனாலும் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். தண்ணீர் லாரிக்கும் இரண்டு மடங்காகச் சொல்லிவைத்தார்.

அந்தக் கழிப்பறையைக் காக்கும் பொறுப்பைப் பாட்சா ஏற்றுக்கொண்டார். அடுத்த தெருக்காரர், மேடவாக்கம் மெயின் ரோட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர், கிட்டுவுக்கு ஓமத் தண்ணீரை அறிமுகப்படுத்தியவர். "நீங்க இன்னாத்துக்கு சார் பேஜாராவுறீங்க? நம்ம கடை பூட்டு ஒண்ணு போட்டுடறேன். சாவி என் கையிலதான் கீது. உங்களத் தவிர ஒரு ஆளு உள்ள போவ முடியாது" என்றார். சொன்னபடியே முகூர்த்தத்தன்று விடியற்காலையில் புதுப் பூட்டைத் தொங்கவிட்டு, எதிரே நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையும் அத்தருமாக உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கிட்டுவின் வயிற்றுக்கு ஒரு மருந்து கொண்டுவந்திருந்தார்கள். அறையின் ஜன்னல் மேடை நாட்டுமருந்துக் கடையாகிவிட்டது. காலையில் அத்தனையையும் ஒரு பிடி பிடித்துவிடுவது என்று கிட்டு தீர்மானித்திருந்தார். முதல் டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது சாஸ்திரிகள் வந்து பிடுங்கி வைத்தார்.

"பொண்ணப் பெத்தவா தாலி ஏறற வரைக்கும் உபவாசம். தெரியாதா?"

"இது கஷாயம்ண்ணா."

"கஷாயமும் ஆகாரம்தான். பச்சத் தண்ணி குடிங்கோ, போதும்."

போர்க்களத்துக்குப் போகிறவனிடமிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டது போல ஆயிற்று கிட்டுவுக்கு. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அவர் வயிற்றுக்குள் மருந்து என்று எதுவும் போகவில்லை. மேடையை நோக்கி நடந்தவரை, கூந்தலில் பாதி பூ வைத்தபடியே சுப்ரஜா அறைக்குள் இழுத்தாள்.

"அப்பா, பயப்படாதீங்கோ. உங்களால முடியலேன்னா நான் மயக்கம் போட்டுடறேன்."

"என்னது?"

"மயக்கம். மடியிலேர்ந்து அப்படியே சரிஞ்சுடுவேன். எல்லாரும் என்னப் பார்ப்பா, நீங்க நைசா எழுந்து போயிடுங்கோ. நீங்க திரும்பி வந்தப்பறம்தான் கண்ணத் தொறப்பேன். நேத்திக்குக் கட்டில்ல பிராக்டிஸ்கூடப் பண்ணிட்டேன்."

"முகூர்த்தம் தப்பிடுமேடி."

"ஒன்றரை மணி நேர முகூர்த்தம்பா. நீங்க என்ன ஊருக்கா போகப்போறேள்?"

கிட்டு அவள் தலையில் கையை வைத்துவிட்டு மேடையேறினார்.

நெல் பரப்பிய மணையில் கிட்டு அமர்ந்தார். மடியில் சுப்ரஜா. கன்னிகாதான மந்திரம் ஆரம்பித்தது. பல்லாவரம் தாண்டுகிறாற்போல ஒரு கணம் வயிறு முறுக்கப் பார்த்தது. கிட்டு பெண்ணின் சடையைப் பார்த்துக்கொண்டார். முடியவில்லை என்றால் இவள் சரிந்துவிடுவாள், பத்தடியில் பாட்சா இருக்கிறார். அதை நினைத்ததும் முறுக்கல் தானாகவே விட்டுப்போயிற்று. வெறும் வயிறாக இருந்ததாலா, பெண் சொன்ன வார்த்தையாலா என்று வைத்தியர்கள் வேண்டுமானால் அடித்துக்கொள்ளட்டும். கிட்டுவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

மேடைக்குப் பின்னால்தான் நிலைமை சரியில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து பூட்டிய கதவின் முன்னால் நின்றார்.

"இத கொஞ்சம் தெறங்கோ."

"முடியாது சார். பொண்ணோட அப்பாவுக்கு ரிசர்வ் பண்ணிக்கீது."

"அவர் மேடையில இருக்காரே?"

"வருவாரு சார். எப்ப வேணா வருவாரு."

பெண்ணின் அப்பாவுக்கென்று சொல்லிவிட்டதால் கோபிக்கவும் முடியாமல், வேறு வழியும் தெரியாமல், சித்தப்பா அங்கேயே கால் மாற்றி மாற்றி நின்றார்.

இங்கே ஹர்ஷா தாலியைக் கையில் எடுத்துவிட்டான். கெட்டிமேளத்துக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். அந்த அமைதியில் கிட்டுவின் வயிறு நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு தரம் கர்ஜித்தது. சாஸ்திரிகளின் மைக் பக்கத்தில் இருந்ததால் சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் கேட்டது. இடி இடிக்கிறதென்று நினைத்து வாசலில் ஒருவர் வண்டி மேல் ரெக்ஸின் உறையைப் போட்டார்.

மடியில் இருந்தவளுக்கு அது முதுகெலும்பு வழியாகவே கேட்டிருக்கும். சுப்ரஜா யோசிக்கவே இல்லை. "அம்மா" என்று ஈனசுரத்தில் சொல்லிவிட்டு, கூறைப்புடவையோடு அப்பாவின் மடியிலிருந்து தொப்பென்று சரிந்தாள்.

மண்டபமே எழுந்துவிட்டது. தண்ணீர் என்றார்கள், சோடா என்றார்கள், நாலு பக்கமும் விசிறினார்கள். ஹர்ஷா தாலியைப் பிடித்தபடி வெளுத்துப்போய் நின்றான். பின்னாலிருந்து பாட்சா சாவியும் கையுமாக ஓடிவந்து, "வாங்க சார், தெறந்துடறேன், வாங்க" என்று அழைத்தார். கிட்டு அசையவே இல்லை. பெண்ணின் காதருகே குனிந்தார்.

"சுபு, அது இல்லடி. எழுந்துக்கோ."

மூடிய கண்ணில் ஒன்று லேசாகத் திறந்தது. "நிஜமாவா?"

"பசிடி. வெறும் பசி. எனக்குப் பசிக்கறதும்மா."

பசி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எது வயிற்றில் போனாலும் அடுத்து என்ன நடக்குமோ என்று பயந்துதான் சாப்பிட்டுவந்தார். சுப்ரஜா இரண்டு கண்ணையும் திறந்து அப்பாவைப் பார்த்தாள், பிறகு மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியதைக் கிட்டு தன் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே அழுதார். பாட்சா சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தானும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் மணமேடையில் மயங்கி விழுந்த பெண்ணைச் சம்பந்தி வீட்டார் சும்மா விடுவார்களா? உடம்பில் ரத்தமில்லை என்று மாமியார் ஒரேயடியாகத் தீர்மானித்துவிட்டார். அடுத்த மாதம் கிட்டு மேடவாக்கம் ஃப்ளாட்டுக்குப் போனபோது, சமையல் மேடையில் வரிசையாக டப்பாக்கள். மாமியார் ஒரு பெரிய டம்ளரில் கரும்பச்சையாக எதையோ கலக்கிக்கொண்டுவந்து சுப்ரஜாவிடம் நீட்டினார்.

"கறிவேப்பிலை, நெல்லிக்காய், இன்னும் என்னென்னமோ போட்டிருக்கேன். இயற்கையானது. சமத்தா மூக்கப் புடிச்சுண்டு குடிச்சுடுவா."

சுப்ரஜா அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மயக்கம் நடிப்பு என்று சொல்லாமல் இவள் தினமும் இதைக் குடிக்கிறாள், எனக்காகக் குடிக்கிறாள் என்பது அப்போதுதான் கிட்டுவுக்கு உறைத்தது. அவரால் பொறுக்க முடியவில்லை. டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, "எனக்கும் ரத்தம் கம்மிதான் மாமி" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. "பாத்ரூம் எங்கேம்மா?" என்று கேட்டபடி வேட்டியை மடித்துக் கட்டினார்.

உள்ளே உட்கார்ந்திருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் சுப்ரஜா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. கிட்டு கதவைப் பார்த்தபடி அதைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.