கழட்ட நான் இருக்கேன்ல

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் அரிவாள்மனை முதல் மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு உண்டு. கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு சாமானுக்கு மட்டும் கிடையாது. பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் அது. துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, முன்னால் நட்டைக் கவ்வும் சாக்கெட். விசையை அழுத்தினால் டர்ர்ரென்று அடித்து எப்பேர்ப்பட்ட நட்டையும் கழற்றும், அதே வேகத்தில் இறுக்கவும் செய்யும். வருடா வருடம் என் மனைவி அதை வெளியே எடுத்து வைப்பாள். நான் மறுபடி உள்ளே தள்ளுவேன். “இதுவும் ஆயுதந்தானுங்களே” என்பாள். அதுதான் பிரச்சினையே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

தர்மபுரியில் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் எனக்கு. ஆணி அடித்தால் விரலில் அடித்துக்கொள்கிற ஆள். இந்த மெஷின் கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்கு ஒரே காலையில் போல்ட் முடுக்கினேன். மோட்டார் பைப்பின் துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றினேன். ஆடாத கட்டிலைக்கூட ஆடுகிறது என்று சொல்லி இறுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கார் டயர் மாற்ற என்னைக் கூப்பிட ஆரம்பித்தபோது ஏதோ பெரிய மெக்கானிக் என்ற நினைப்பே வந்துவிட்டது. வேலை நடந்ததெல்லாம் மெஷினால். பெருமை மட்டும் என்னுடையது.

என் அக்காவுக்கு அப்படி எந்த மெஷினும் தேவைப்பட்டதில்லை. வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். அக்கா அடம்பிடித்து லைசென்ஸ் எடுத்து, குட்டி யானை என்று ஊரே கூப்பிடும் சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கினாள். மலைக்கு மேலே மளிகையும் சிமென்ட்டும் ஏற்றிப் போவாள். இறங்கும்போது சாமையும் மிளகும் பலாப்பழமும் வரும். சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்புவதைப் பார்க்க வேண்டும். மலையில் அவளுக்கு டிரைவரக்கா என்றே பெயர். பஞ்சர் ஆனால் யாரையும் எதிர்பார்க்க மாட்டாள். வீல் ஸ்பேனரை மாட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, ஒரே இழுப்பில் நட்டைக் கழற்றிவிடுவாள். “ஸ்டெப்னி மாத்தத் தெரியாதவ எதுக்குடா ஸ்டீயரிங்கப் புடிக்கணும்?” என்பாள். அவள் சிரிப்பு நிறைந்திருந்த காலம் அது. அந்த வண்டிச் சீட்டில் இருந்த அக்காவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

மெஷின் வந்த வருட ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வண்டியோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். பூஜைக்கு முன்னால் சக்கரங்களைக் கழற்றி, கழுவி, ஓரத்துக்குப் பெயின்ட் அடித்து மாட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம். எப்போதும் அவளே செய்வாள். அன்று நான் விடவில்லை. மெஷினும் கையுமாக முன்னால் போய் நின்றேன். மாட்டி முடித்து இறுக்கும்போது, மலைப்பாதையில் போகிறவளாயிற்றே, ஒரு நட்டு லூசாகிவிட்டால் என்ன ஆவது என்று ஒவ்வொன்றுக்கும் விசையை விடாமல் அழுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாசத்தில்தான் செய்தேன். கொஞ்சம் ஜம்பமும் இருந்தது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“போதும்டா, ரொம்ப முடுக்காத. நாளைக்கி ரோட்டுல நாந்தான கழட்டணும்?”

“நீ எதுக்குக் கழட்டற? கழட்ட நான் இருக்கேன்ல!”

அவள் சிரித்துவிட்டு மறுபடி பூ கட்டினாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வாழைக்கன்று ஆட ஆட வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. மலையிலிருந்து இறங்கும்போது பின்சக்கரம் பஞ்சர். “என்னாடா இது, ஒரு நட்டுகூட அசைய மாட்டேங்குது. லோடு வேற இருக்குது, மழ வர்ற மாதிரி இருக்குது” என்றாள். நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் வீட்டில், வீடு பக்கத்துத் தெருவில். எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் போயிருப்பேன். கேட்டால் பெர்மிஷன் கொடுக்காத மேலதிகாரியும் இல்லை. ஆனால் நான் என்ன சொன்னேன்? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, “ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிக்கா, வந்துரும்” என்றேன். சரிடா என்று போனை வைத்தாள். ஏறி நின்று மிதித்தாள். ஸ்பேனர் வழுக்கிவிட்டது. ரோட்டோரக் கல்லில் கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாமா, அவளுடைய மாமியார், எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. “என் தப்புங்க மாமா. மெஷின வெச்சி நாந்தான் கண்டபடி இறுக்கிட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. “பாத்தியா, ஆம்பள முடுக்குனத பொம்பள கழட்ட முடியுமா? அதுக்குத்தான் இந்தப் பொழப்பு வேணாம்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்” என்றார் மாமியார். அடக் கடவுளே, அது ஆம்பளையும் இல்லை பொம்பளையும் இல்லை, பேட்டரிங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

கட்டுப் பிரிப்பதற்குள் வண்டியை விற்கும் பேச்சு வந்தது. அவர்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். “நீங்க என்ன சொல்றீங்க மாப்ள?” என்று மாமா என்னைக் கேட்டார். கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு கதவோரம் அக்கா நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். கை சரியாகிவிடும், வண்டி இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் தப்புச் செய்தவன் எந்த முகத்தோடு பேசுவது என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். “உங்க இஷ்டங்க மாமா” என்றேன். அடுத்த வாரமே பாலக்கோட்டுக்காரர் ஒருவர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பெயின்ட் அடித்த சக்கர ஓரம் அப்போதும் புதுசாகவே இருந்தது.

அதன் பிறகு அக்கா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கேலிதான் செய்வாள். ஊறுகாய் பாட்டில் திறக்கவில்லை என்றால், “தம்பி மூடிட்டுப் போயிருக்கான்போல” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துத் தொலைப்பேன். கை கூடியது, கொஞ்சம் கோணலாக. சோறு பிசைய முடியும், தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. நான் இப்போதெல்லாம் சக்கரத்தைக் கையால்தான் மாட்டுகிறேன். இறுக்கிவிட்டு, என் மனைவியைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். அவளால் முடிந்தால்தான் எனக்கு நிம்மதி. இதையெல்லாம் இப்போது செய்து யாருக்கு என்ன?

இந்த வருட ஆயுத பூஜைக்கு அக்கா பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் என் காரைக் கழுவி சக்கரம் மாட்டி வைத்திருந்தேன். யாரும் சொல்லாமலே போய்க் குந்தினாள். கீழே கிடந்த ஸ்பேனரை இடது கையால் எடுத்து நட்டில் மாட்டி, கோணல் கையால் ஒரு தட்டுத் தட்டி இழுத்தாள். நட்டு சட்டென்று அசைந்து கொடுத்தது. அடுத்ததும் அப்படியே. நான் பக்கத்தில் நின்றேன். இதோ, இப்போது ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன்.

“நல்லாத்தான் முடுக்கறே இப்ப” என்றாள். சிரிக்கவில்லை.

“ஆமாக்கா.”

“அன்னிக்கி நட்டு கழலாததுக்கு எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல சாமி. கழட்ட நான் இருக்கேன்னு சொன்னியே, அத நம்பித்தான் போன் போட்டேன். வண்டிய விக்கிறப்பயும் அத நம்பித்தான் கதவுகிட்ட நின்னேன்.”

  அந்த இரண்டு நட்டுகளையும் தானே திரும்ப இறுக்கினாள், சேலையில் கையைத் துடைத்தாள், சந்தனக் கிண்ணத்தை எடுத்துச் சக்கரங்களுக்குப் பொட்டு வைத்தாள். என் மனைவி எடுத்து வைத்திருந்த மெஷினை அன்று காலையில் நான் உள்ளே தள்ள மறந்திருந்தேன். அக்கா அதற்கும் வைத்தாள். பொரியை மடியில் கட்டிக்கொண்டு, கொண்டு போய் விடுகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே நடந்தேன். பஸ்ஸில் ஏறியதும் எப்போதும்போல முன்னால் போய் டிரைவரின் கை தெரிகிற சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள். நான் வீட்டுக்குத் திரும்பி, பொட்டோடு இருந்த மெஷினைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.