குற்றாலத்துக்கு வழி சொன்ன பிலோமினாக்கா

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்று கொம்பு ஒலிபெருக்கியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்த்த பலசரக்குக் கடை அண்ணாச்சி எனக்கு டெலிபோன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார். போய் எடுத்தேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"அண்ணாச்சி, பிலோமினாக்கா இறந்துட்டாங்க. ட்யூட்டிக்குக் கெளம்புறப்ப நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாங்களாம். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. ஆகவே இந்த அஞ்சலி அடக்க ஒடுக்கமாக இருக்காது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினாக்கா தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். உப்பு வியாபாரியோ கப்பல் ஏஜண்டோ, யார் ரிசீவரை எடுத்தாலும் "நம்பர் சொல்லுங்க" என்று முதலில் கேட்டது அவர் குரல்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செலினோடு கோயில் பக்கத்துத் தெருவில் இருந்தார். டிரங்க் கால் தாமதமாகிறது என்று ஒரு பெரிய மனிதர் கூச்சல் போட்டபோது, "லைன்ல இருங்க, நீங்க கத்துனா கொழும்பு கிட்ட வந்துராது" என்றாராம். அந்தப் பெரிய மனிதரே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை என் மைக்கில் அறிவிப்பது அக்காதான். "நீலச் சட்டைக்காரன் அழாம இருக்கான், தாயார் பதறாம வாங்க" என்பார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் வாடகைக் கார் முதலாளி ஒருவர் அவரைத் தேடி வந்தார். முதலாளியின் பெயரை எழுத மாட்டேன். இது அக்காவுக்கு உரிய கட்டுரை. அவருக்கு இதில் இடம் கொடுப்பதே அதிகம்.

புதுத் துறைமுகம் வந்த பிறகு வெளியூர் அதிகாரிகள் நிறையக் குடியேறியிருந்தார்கள். சீசனுக்குக் குற்றாலம் போக அவர்களுக்கு ஆசை, வழி தெரியாது. முதலாளி ஒரு கப்பல்காரரிடம் டேப் ரிக்கார்டர் வாங்கியிருந்தார். "டிரைவர் வேண்டாம். வண்டிய நீங்களே ஓட்டுங்க, கேசட் வழி சொல்லும்" என்பது அவர் திட்டம். நல்ல யோசனை, அதை மறுக்க மாட்டேன். ஒலிப்பதிவு என் மைக் செட் கடையில் நடந்தது.

அக்கா அதுவரை குற்றாலம் போனதில்லை. சீசனும் திருவிழாவும் ஒரே சமயத்தில் வரும், லீவு கிடைக்காது. இருந்தும் ஒப்புக்கொண்டார். லைன் சும்மா இருக்கும் நேரத்தில் பாளையங்கோட்டை, ஆலங்குளம், தென்காசி ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு ஊர் ஊராக விசாரித்தார். எந்த இடத்தில் ஆறு தெரியும், எங்கே காற்று மாறும், எந்த முக்கில் டீ நன்றாக இருக்கும் என்று கேட்டுக் கேட்டே பாதை முழுவதையும் கட்டிவிட்டார். "டேப்பை நிறுத்துங்கள். வல்லநாடு வந்ததும் மறுபடி போடுங்கள். நான் லைனிலேயே இருப்பேன்" என்று அவர் பேசியபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பதிவில் தென்காசி வந்தபோது, "எதிரே வானைத் தொடும் கோபுரம்" என்றார். நான் டேப்பை நிறுத்தினேன்.

"அக்கா, அது பிளந்துல்லா கெடக்கு? எத்தனையோ வருசமா மொட்டைக் கோபுரம்."

கடை டெலிபோனிலேயே தென்காசி ஆபரேட்டரைப் பிடித்தார். "ஏளா, கோபுரம் நிக்குன்னுல்லா சொன்ன?"

"நிக்கத்தானக்கா செய்யுது. ரெண்டா நிக்கு!"

சொந்த ஊரை விட்டுக்கொடுக்க அந்தப் பெண்ணுக்கு மனமில்லை. அக்கா சிரித்தார், அந்த இடத்தைத் திருத்தியும் பேசினார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. ஆலங்குளம் தாண்டியதும் "இப்போது நேரே பாருங்கள், மலை" என்று ஒரு இடம் வரும். "அதுவும் அவளுவ சொன்னதுதாம்ல. நான் சொல்லுத எடத்துல மலை வரலைன்னா, என்னை நம்பி வாரவங்க என்ன நெனைப்பாங்க?"

அதனால் முதலாளியிடம் கூலி எதுவும் வேண்டாம் என்றார். அந்த டேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் தன்னைக் காரில் அழைத்துப்போனால் போதும் என்றார். முதலாளி, "அதுக்கென்னக்கா, இந்த சீசன்லயே போயிருவோம்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த சீசன் போயிற்று. அடுத்ததும் போயிற்று. அக்கா ஒவ்வொரு முறை கேட்டபோதும், "வண்டி எல்லாம் புக்காயிட்டுக்கா" என்பதே பதில். ஊரில் உள்ளவன் எல்லாம் அக்கா குரலைக் கேட்டுக்கொண்டு குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தான். அக்காவுக்கு மட்டும் அந்தக் காரில் இடமில்லை.

"பஸ்ல போயிட்டு வந்திருவோமே அக்கா, நானும் வாரேன்" என்றேன்.

"பஸ்ல போகத் தெரியாதால எனக்கு? பஸ்ல டேப் போடுவானா? நான் பேசினது சரியான்னுல்லா பாக்கணும். சொன்னவரு கூட்டிட்டுப் போகட்டும்."

இன்னொன்றும் நடந்தது. டேப்பின் முடிவில் அக்கா, "வந்துவிட்டோம். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். இனி நான் பேச மாட்டேன்" என்று சொல்லி நிறுத்தியிருந்தார். அதற்குப் பிறகு டேப் சும்மா ஓடும். அருவிச் சத்தம் கேட்கட்டும் என்று அவரே சொல்லி வெறுமனே விடச் செய்த இடம் அது. முதலாளி அதில் தன் மைத்துனர் லாட்ஜ் விளம்பரத்தை வேறெங்கோ கொடுத்துச் சேர்த்துவிட்டார். அக்கா நேரே அவர் ஆபீசுக்குப் போனார். நானும் போனேன்.

"காலி டேப்புதானக்கா. வீணால்லா போகுது" என்றார் முதலாளி.

"அது காலி இல்ல, அண்ணாச்சி. அங்கன நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அதுவும் என் பேச்சுதான்."

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

அடக்கத்தன்று அதே முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். மாலையில் தொங்கிய அட்டையில் 'எங்கள் நிறுவனத்தின் குரல்' என்று எழுதியிருந்தது. இத்தனை நாள் வாடகைக்கு வந்தவர்களிடம், மெட்ராஸ் ரேடியோக்காரி ஒருத்தி பேசியது என்று சொன்ன வாய் அது. போதாததற்கு, துக்கத்துக்கு வந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போக இரண்டு கார் அனுப்பியிருந்தார். நல்ல சீசன் நேரம். அன்றைக்கு மட்டும் எந்த வண்டியும் புக்காகவில்லை! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மண் போட்டு முடிந்ததும், எல்லோர் முன்னாலும் அவரிடம் போய்க் கை நீட்டினேன்.

"அண்ணாச்சி, வண்டிச் சாவியத் தாங்க. நாளைக்கு வேணும்."

"எதுக்குப்பா?"

"அக்காவக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொன்னீங்கள்லா. நீங்க போகலை. நான் போறேன்."

சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். செலினும் பார்த்தார். முதலாளி சாவியைக் கொடுத்தார். "சாயங்காலம் கொண்டாந்துரு" என்றும் சேர்த்துக்கொண்டார். கல்லறை மண் காயாத நேரத்தில் அப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ.

மறுநாள் செலின் பின்னால் உட்கார்ந்தார். முன் சீட்டில் டேப் ரிக்கார்டரை வைத்தேன். என் கடையில் பத்திரமாக இருந்த முதல் பதிவைப் போட்டேன், லாட்ஜ் விளம்பரம் இல்லாததை. அக்கா சொன்ன இடத்தில் ஆறு வந்தது. சொன்ன முக்கில் டீ குடித்தோம், நன்றாகவே இருந்தது. ஆலங்குளம் தாண்டியதும் வண்டியை மெதுவாக்கினேன். "இப்போது நேரே பாருங்கள், மலை" என்றார் அக்கா.

செலின் முன்னால் எட்டிப் பார்த்து, "ஏ அக்கா..." என்று டேப் ரிக்கார்டர் மேல் கையை வைத்தார்.

குற்றாலத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். "இனி நான் பேச மாட்டேன்" என்றார். டேப் சும்மா சுற்றியது. அருவிச் சத்தம் உள்ளே வந்தது. டேப் தீரும்வரை நாங்கள் இறங்கவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபத்தை யாரிடமும் கொடுப்பதாக இல்லை. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள், அக்கா. மலை நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.