பதினேழாம் மாடியில் பெண் வீட்டார்

எம். புதுப்பட்டியில் என் பெரியம்மா மகள் வெள்ளைத்தாய் அக்காவுக்கு இருப்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. கணவர் இறந்த பிறகு, பட்டாசு ஆலையில் திரி செருகியே மகன் மாரீஸ்வரனைப் படிக்க வைத்தாள். அவனுக்கு முப்பத்துநான்கு வயதாகிவிட்டது. சென்னையில் கணினி வேலை. நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தான். எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன், சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கும். அக்கா வீட்டுக்கு வந்த வேன்களெல்லாம் காப்பியோடு திரும்பிப் போயின.

காரியாபட்டி வரன் வந்ததும் மஸ்கட்டில் வேலை பார்க்கும் எனக்கு அவள் போன் செய்தாள்.

"மெட்ராசுக்கே வாங்கன்னு சொல்லீட்டேன் தம்பி. பெரிய வீடா ஒண்ணு எடுத்தாச்சு."

"வாடகை எம்புட்டுக்கா?"

"அறுபதாயிரம். கல்யாணம் முடியவும் காலி பண்ணிக்கிடலாம்."

அவள் சங்கிலியும் தோடும் ஏற்கெனவே முன்பணமாகப் போயிருந்தன.

பெண் வீட்டார் வந்த அன்று, விடுப்பில் வந்திருந்த நானும் அந்தப் பதினேழாம் மாடி வீட்டில் இருந்தேன். பெண்ணின் தாய்மாமன் ஊர்க்காவலன் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார்.

"இந்தக் கக்கூசுக்குள்ள நம்ம வீட்டையே வச்சிரலாம் போலயே!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

"வாடகை எம்புட்டு மாப்ள?" என்றார் தாய்மாமன்.

மாரீஸ்வரன் பெருமையாகவே சொன்னான். ஊர்க்காவலன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்பளம் எம்பதாயிரம்னுல்ல சொன்னாக. சுவத்துக்கே இம்புட்டுக் குடுக்குற ஆளுகிட்ட எங்க பிள்ள எதத் திங்கும்? தூக்குச்சட்டியத் தூக்கிட்டு ஆலைக்குப் போகவா?"

அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை.

"எம்மவன் ஊதாரி இல்லண்ணே. இது ஒங்களுக்குக் காட்ட எடுத்த வீடு. அவன் ஒரு ரூம்புல நாலு பேரோடதான் கெடக்கான்."

"அப்ப எங்கள ஏமாத்தக் கூப்பிட்டீகளா தாயி?"

"இருக்குற வீட்டக் காட்டுனா எந்திரிச்சுப் போயிருதீகளே! நான் வேற எதக் காட்ட?"

ஊர்க்காவலன் எழுந்து வெளியே நடந்தார்; மற்றவர்களும் பின்னால் போனார்கள். லிப்டில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. மிஞ்சியவர்கள் அடுத்த தடவைக்காக வாசலிலேயே, அக்கா முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். அவள் பூத்தட்டைப் பிடித்தபடி அவர்கள் பின்னால் நின்றாள்.

பதினோரு மாத ஒப்பந்தம். நடுவில் காலி செய்தால் முன்பணம் திரும்பாது, இருந்தால் மாதாமாதம் அறுபதாயிரம் கட்ட வேண்டும் என்று மாரீஸ்வரன் மெதுவாகச் சொன்னான். அக்கா அழவில்லை. ஆலையின் போர்மேனுக்கு போன் போட்டாள். தீபாவளி முடிந்ததும் கம்பெனி முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கும். வாங்கினவர் அடுத்த தீபாவளி வரை வேறெங்கும் போக முடியாது.

"அண்ணாச்சி, வார வருசமும் அதுக்கடுத்த வருசமும் ஒங்க கம்பெனிக்கே வாரேன். இப்பமே பணம் குடுப்பீகளா?"

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"எம்புட்டு வேணும்னு கேக்காக."