மல்லிகா கேட்ட பெயர்

செவ்வாய்க்கிழமை காலை லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது சேந்தமங்கலத்திலிருந்து மல்லிகாவின் தம்பி போனில் கூப்பிட்டான். "அண்ணா, அக்கா போயிருச்சுங்ண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சு, எந்திரிக்கவே இல்லீங்." என் கையில் ஓர் அட்டை முட்டை இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

என் கடை வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டியவளாகத்தான் உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். அதற்கு முன் அவள் எண்ணூறு மீட்டர் ஓடியவள். மாநிலப் போட்டியில் அவள் முதல், என் தங்கை சுமதி இரண்டாவது. எனக்கு வயிறு எரிந்தது. குரல் கட்டை, தோள் அகலம் என்று நாலு பேர் பேசியதைக் கேட்டு, "இவளைச் சோதிக்க வேண்டும்" என்று தடகளச் சங்கத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டேன். ரத்தம் எடுத்தார்கள். பிறவியிலேயே ஏதோ ஹார்மோன் கூடுதலாம், பெண்கள் பிரிவில் ஓடக் கூடாது என்றார்கள். பதக்கம் சுமதிக்கு வந்தது. அதை வைத்து வேலையும் கிடைத்தது.

சமமான போட்டி வேண்டும் என்று கேட்டது தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். சுமதியும் இருட்டில் எழுந்து ஓடியவள்தான். எல்லைக் கோட்டை எங்கே போடுவதென்று படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் செய்தது வேறு.

சில வருஷம் கழித்து, சுமதியின் அண்ணன் கடை என்று தெரிந்தேதான் மல்லிகா வேலை கேட்டு வந்தாள். "சுமதி நல்லா இருக்குதுங்ளா?" என்பதுதான் முதல் பேச்சு. கடிதம் போட்டது நான் என்று அவளுக்குத் தெரியாது.

லோடு ஏற்றும் ஆட்கள் ஒருநாள், "ஆம்பளையாட்டம் தூக்கறயே அக்கா" என்றார்கள். "ஏன்டா, தூக்கறப்ப மட்டும் ஒருத்தனும் டெஸ்ட்டுக்குக் கூப்பிட மாட்டீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

போன வருஷம் ஓமலூர்ப் பெண் ஒருத்தி பந்தயத்தில் ஜெயித்தாள். அவளையும் சோதிக்கச் சொல்லி, தோற்ற பிள்ளைகளின் பெற்றோர் மனுவோடு என் கடைக்கு வந்தார்கள். அந்தப் பந்தயத்துக்குக் கோப்பை கொடுத்தவன் நான் என்பதால் என் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அவர்கள் போனதும் மல்லிகா வந்து நின்றாள்.

"கையெழுத்துப் போடறதுனா போடுங்ண்ணா. ஆனா அந்தப் புள்ளைகிட்ட மொதல்ல நேர்ல சொல்லீருங்க. எங்கம்மா பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குச்சு. என்னயப் பத்தி மொட்டக் கடுதாசி எழுதுனவங்க பேராவது போட்டிருந்தா, அவிய ஊட்டுக்கே போயி, 'நான் பொறந்ததே இப்படித்தானுங்க, ஏமாத்தலீங்க'ன்னு சொல்லியிருப்பேன்."

எழுதியது நான்தான் என்பது வாய் வரை வந்தது. "லோடுக்கு நேரமாச்சு, கெளம்பு சாமி" என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படியே ஒரு வருஷம் போய்விட்டது.

சாவு வீட்டுக்குச் சுமதி பதக்கத்தோடு வந்தாள். கடிதம் போட்டது நான் என்று அவளுக்கு மட்டும் தெரியும். "அதுகிட்டச் சொல்லிட்டியாண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பதக்கத்தை என் கையில் திணித்துவிட்டு, மல்லிகாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எனக்கும் சுமதிக்கும் சொந்தமில்லாததை இனி யாரிடம் கொடுப்பது? மல்லிகா, நீ வந்து பேச ஒரு பெயர் கேட்டாய். கீழே போட்டிருக்கிறேன்.

ராமசாமி,
முட்டைக் கடை, நாமக்கல்